உவேனோ கடைத்தெருவும் நம் தலைகளும்

வெளிநாடு சென்று திரும்பிய நண்பர்கள் நம் சங்க இதழில் எழுதும் கட்டுரைகளை நான் தவறாமல் படித்து வருகிறேன். அவற்றில் ஒரு கோபுரம் இருக்கும்; ஒரு கோயில் இருக்கும்; பனி மூடிய மலை ஒன்று இருக்கும்; முடிவில் ரசத்துக்கு நாக்கு ஏங்கிய கதையும் இருக்கும். குறை கூறவில்லை. சென்ற கோடையில் டோக்கியோவுக்கு அருகில் ஓர் ஆய்வகத்தில் ஆறு வாரப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்தபோது, நானும் அத்தகைய கட்டுரை ஒன்றுக்கு மனத்துக்குள் தலைப்பு வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமையே நான் போய்ச் சேர்ந்த இடம் ஒரு மோட்டார் சைக்கிள் கடைத்தெரு. அங்கே பார்த்ததும், திரும்பி வந்து இங்கே கரோல் பாக்கில் பார்த்ததும், சென்ற செயற்குழுக் கூட்டத்தில் நாம் போட்டுக்கொண்ட சண்டையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆகையால் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கடைத்தெருவுக்கு நான் போன காரணம் என் தந்தையார். அவர் விழுப்புரத்துக்காரர். இருபது வயதில் டில்லிக்கு வந்து, யமுனைக்குக் கிழக்கே ஒரு சந்தில் இருசக்கர வண்டிகளுக்குப் பழுது பார்க்கும் பட்டறை வைத்தவர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அந்தப் பட்டறையின் மாடியில். நான் புறப்படும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "கண்ணு, ஜப்பான்காரன் வண்டிக்கு ஜப்பான்காரன் திருப்புளி ஒண்ணு வாங்கிட்டு வாம்மா."

இதில் விஷயம் இருக்கிறது. கூட்டல் குறி போல் தலை வெட்டிய திருகாணியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எல்லாம் ஒன்று என்றே எண்ணுகிறோம். ஜப்பானியத் தர அளவில் செய்த திருகாணியின் வெட்டும், பிலிப்ஸ் எனப்படும் அமெரிக்க வகைத் திருகாணியின் வெட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்மூலையின் அமைப்பில் வேறுபட்டவை. பிலிப்ஸ் திருப்புளியை ஜப்பானியத் திருகாணியில் வைத்து அழுத்தித் திருப்பினால் அது எகிறிக்கொண்டு வெளியே வரும். வரும்போது திருகாணியின் தலையையும் மழித்துவிடும். 1985 முதல் 1996 வரை இந்நாட்டில் செய்யப்பட்ட ஆர்.எக்ஸ். 100 என்ற யமஹா வண்டியின் மேல் என் தந்தையாருக்குத் தீராத காதல். அதன் கார்புரேட்டரில் மழிந்த திருகாணி ஒன்றைப் பார்த்துவிட்டால் அன்று முழுவதும் அவர் முகம் சரியாக இருக்காது. "எவனோ அளவு பார்க்காம கை வச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு வேண்டும்.

டோக்கியோ பெரிய நகரந்தான். எனினும் பழைய பட்டணங்களின் பழக்கம் ஒன்று அதற்கு இன்னும் விடவில்லை. ஒரு தொழில் ஒரு தெரு என்பது அந்தப் பழக்கம். ஜிம்போச்சோவில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கப்பபாஷியில் சமையற்பாத்திரம், கத்தி, அகப்பை இவையே தெரு முழுவதும். அகிஹபாரா போருக்குப் பின் வானொலி உதிரிப் பாகங்கள் விற்ற தட்டுக்கடைகளிலிருந்து வளர்ந்தது. சென்னை ரிச்சி தெருவையும் புதுப்பேட்டையையும் அறிந்தவர்களுக்கு இவற்றை விளக்க வேண்டியதில்லை. அந்த வரிசையில் மோட்டார் சைக்கிளுக்கு உரிய இடம் உவேனோ.

உவேனோ ரயில் நிலையத்தின் இரியா வாயில் வழியாக வெளியே வந்து ஷோவா சாலையில் நடந்தால் கடைகள் தொடங்குகின்றன. தலைக்கு மேலே விரைவுச்சாலைப் பாலம் ஒன்று ஓடுகிறது. அதனால் அந்தச் சாலையின் நடுப்பகுதி பகலிலும் நிழலாகவே இருக்கிறது. நடைபாதை ஓரத்தில் பழைய வண்டிகளை ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் நிறுத்தி, ஒவ்வொன்றின் முன்விளக்கிலும் விலைச்சீட்டு மாட்டியிருந்தார்கள். ஒரு கடையில் சங்கிலியும் பற்சக்கரமும் மட்டும். இன்னொன்றில் கையுறைகள் மட்டும். அடுத்ததில் புகைக்குழாய்கள் இசைக்கருவிகள் போல் சுவரில் தொங்கின. திருப்புளி ஒரு சிறு கடையில் சில நூறு யென்னுக்குக் கிடைத்துவிட்டது. வந்த வேலை அரை மணியில் முடிந்தது.

ஆனால் தெருவை விட்டு வர மனம் வரவில்லை. கடைகளுக்கு நடுவே இடைவெளிகள் இருந்ததே காரணம். மூன்று கடை, பிறகு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டு கடை, பிறகு இறக்கி மூடிய கதவு. இது முன்பு இன்னும் பெரிய தெருவாக இருந்தது என்பது யாரும் சொல்லாமலே விளங்கிற்று. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். போர் முடிந்த சில ஆண்டுகளில் ஜப்பானில் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் நிறுவனங்கள் முளைத்தன. சோய்ச்சிரோ ஹோண்டா 1946-இல் இராணுவ வானொலிக்கு மின்சாரம் தந்த சிறு எஞ்சின்களை மலிவாக வாங்கிச் சைக்கிளில் பொருத்தி விற்றதுதான் அவர் தொழிலின் தொடக்கம். முதல் வண்டிக்கு எண்ணெய்த் தொட்டியாகப் பயன்பட்டது குளிர்காலத்தில் படுக்கையில் வைக்கும் வெந்நீர்க் குடுவை. அப்படித் தொடங்கிய தொழில் 1982-இல் உச்சத்தைத் தொட்டது. அந்த ஓர் ஆண்டில் ஜப்பானுக்குள் மட்டும் விற்பனைக்குப் போன வண்டிகள் 32 இலட்சத்துக்கும் மேல். அண்மை ஆண்டுகளில் அது 4 இலட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. நம் நாட்டில் 2024-25-ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 96 இலட்சம் இருசக்கர வண்டிகள் விற்றன.

இறங்கியதற்குக் காரணம் பல. மக்கள்தொகை மூப்படைந்தது, ரயில் எங்கும் போகிறது, 2006 ஜூன் மாதம் முதல், முறையின்றி வண்டி நிறுத்துவோரைப் பிடிக்கத் தனியார் காவலர்களை அமர்த்தினார்கள், மோட்டார் சைக்கிளுக்கோ நிறுத்த இடம் அரிது. உவேனோவில் மட்டும் பல கடைகளை நடத்திய ஒரு பெரிய வணிக நிறுவனம் 2008-இல் சாய்ந்தது. ஆனால் என்னைச் சிந்திக்க வைத்த காரணம் வேறு. 1982-இல், அதாவது விற்பனை உச்சத்தில் இருந்த அதே ஆண்டில், உயர்நிலைப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகங்களின் நாடு தழுவிய கூட்டமைப்பு ஒரு தீர்மானம் போட்டது. அதற்கு 'மூன்று கூடாது' என்று பெயர். மாணவன் உரிமம் எடுக்கக் கூடாது, வண்டி வாங்கக் கூடாது, ஓட்டக் கூடாது. சட்டப்படி 16 வயதில் உரிமம் எடுக்கலாம். பள்ளியோ எடுத்தால் தண்டிக்கும். விபத்தில் பிள்ளைகளை இழந்த பெற்றோரின் கண்ணீரிலிருந்து பிறந்த தீர்மானம் அது; எள்ளி நகையாட எனக்கு உரிமையில்லை. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தடையில் வண்டியை எப்படி ஓட்டுவது என்று கற்றுத்தர ஒரு சொல்லும் இல்லை. டோக்கியோவை அடுத்த சைத்தாமா மாநிலம் 2019-இல் அத்தடையைக் கைவிட்டு, வண்டி ஓட்டும் மாணவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. தடைக்கும் அதற்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

அத்தெருவில் ஒரு கடையின் இரண்டாம் மாடி முழுவதும் ஹெல்மெட். (தலைக்கவசம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கவசம் என்றால் எனக்குக் கர்ணன் நினைவு வருகிறது. அவனுக்கு அது பிறவியிலேயே அளவெடுத்து வந்தது. நாம் வாங்குவதற்கு அந்தப் பெயர் பொருந்துமா என்பதைக் கட்டுரையின் முடிவில் நீங்களே கூறுங்கள்.) சும்மா பார்க்கலாம் என்று ஏறினேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு விற்பனையாளர் வந்தார். அவருக்கு ஆங்கிலம் பத்துச் சொல். எனக்கு ஜப்பானிய மொழி எட்டுச் சொல். மிச்சத்தை இருவர் கைப்பேசியும் மொழிபெயர்த்தன. ஒரு ஹெல்மெட்டைக் காட்டி, போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் அதை எடுத்துத் தரவில்லை. உட்காரச் சொன்னார். அளவு நாடாவை எடுத்துப் புருவத்துக்கு மேலே நெற்றியைச் சுற்றி அளந்தார். பிறகு கவராயம் போன்ற ஒரு கருவியால் நெற்றியிலிருந்து பிடரிக்கும், காதிலிருந்து காதுக்கும் தனித்தனியே அளந்தார். என் கொண்டையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதை அவிழ்த்துப் பின்னலாக்கிக் கழுத்துக்குக் கீழே விட்ட பிறகுதான் மேற்கொண்டு நகர்ந்தார். பிறந்தது முதல் என் கால் அளவைச் செருப்புக்கடைக்காரர் அறிவார், தோள் அளவைத் தையற்காரர் அறிவார். என் தலையை ஒருவர் அளந்தது அன்றுதான்.

பிறகு மாட்டினார். கன்னம் இரண்டும் உள்ளே அழுந்தின. இறுக்கமாக இருக்கிறது என்றேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். வாரைப் பூட்டிவிட்டு, பின்பக்கத்தைப் பிடித்து முன்னோக்கி உருட்டிக் கழற்றப் பார்த்தார், கழலவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்கச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். திரும்பி வந்து கழற்றி, என் நெற்றியை விளக்கொளியில் பார்த்தார். நடுவில் ஒரு சிவப்புத் தடம் இருந்ததாம். கைப்பேசியில் எதையோ நீளமாக எழுதிக் காட்டினார். 'இந்த வகை சற்று வட்டமான தலைக்குச் செய்தது. உங்கள் தலை முன்பின்னாக நீளம். ஒரு மணி நேரம் அணிந்தால் நெற்றி வலிக்கும். வலித்தால் நீங்கள் அணியாமல் விட்டுவிடுவீர்கள். ஆகையால் இதை உங்களுக்கு விற்க எனக்கு விருப்பமில்லை.'

விலை ஐம்பதாயிரம் யென்னுக்கு மேல். நம் விடுதியில் பல மாதச் சாப்பாட்டுச் செலவு. வாங்கும் நிலையில் நான் இல்லை என்பது அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். ஆயினும் அரை மணி நேரம் செலவிட்டார். கடைசியில் மூன்று அளவுகளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, இரு கையாலும் நீட்டினார். ஒரு திருப்புளியும் ஒரு துண்டுத் தாளும்: உவேனோவிலிருந்து நான் கொண்டுவந்தவை இவையே.

ஜப்பானியர் பிறவியிலேயே கவனமானவர்கள் என்று நான் எழுதப் போகிறேன் என்று எண்ண வேண்டாம். அத்தகைய பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. அந்நாட்டில் 50 சி.சி. சிறு வண்டி ஓட்டுபவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்ற சட்டம் 1986-இல்தான் வந்தது. அங்குப் புகழ்பெற்ற அராய் என்ற ஹெல்மெட் நிறுவனம் தொப்பி செய்த ஒரு குடும்பத்திலிருந்து வந்தது என்பதை அறிந்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. தொப்பி தைப்பவர் தலையை அளக்காமல் தைக்க முடியாது. அளக்கும் பழக்கம் தொழிலோடு வந்தது. இனத்தோடு வந்ததாகத் தெரியவில்லை.

இங்கே அறிவியல் மாணவி என்ற முறையில் ஒரு சிறு கணக்கு. வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பக்கவாட்டில் சரிந்து விழுகிறார். வண்டி நிற்கிறது, வேகமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். தலை 1.6 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வருகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு 5.6 மீட்டர், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர். வெறுந்தலை 5 மில்லிமீட்டருக்குள் நின்றுபோனால், அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 320 மடங்கு. அதே தலை 25 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுக்கும் ஒன்றின்மேல் விழுந்தால் 64 மடங்கு. எளிமையாக்கிய கணக்குதான், இளங்கலை முதலாண்டு மாணவரும் போடலாம். ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தது எது? வெளியே பளபளக்கும் ஓடு என்று பலர் எண்ணுகிறார்கள். உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மாகோல்தான். பொட்டலம் கட்டும் பெட்டியில் வருமே, அதன் இனத்தைச் சேர்ந்த, ஆனால் அடர்த்தியை அளந்து செய்த நுரை. அது நசுங்கிச் சாகிறது, தலை பிழைக்கிறது. ஒருமுறை நசுங்கிய ஹெல்மெட்டை எறிந்துவிட வேண்டும் என்பதும் இதனால்தான். தெர்மாகோல் இல்லாமல் வெறும் பஞ்சை ஒட்டி விற்கும் ஹெல்மெட்டில் இந்தக் கணக்கு நடக்காது. பஞ்சு தொட்டவுடன் அமுங்கிவிடும். அளவு பெரிதாக இருந்து, வாரும் பூட்டாமல் இருந்தாலோ கணக்குக்கே இடமில்லை. தலை தரைக்கு வருமுன் ஹெல்மெட் வேறு திசையில் போய்விடும்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் அந்தத் துண்டுத் தாளோடு கரோல் பாக் போனேன். அங்கே நாயிவாலா பகுதியின் பெயரைக் கேட்டாலே நம் சங்கத்தில் புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் பாருங்கள், உவேனோவுக்கு இளைய தம்பி போன்ற தெரு அது. இளைய தம்பி என்று சொன்னதும் தவறோ என்னவோ. அண்ணன் தேய்ந்துகொண்டிருக்கிறார், தம்பிக்கு நடக்க இடமில்லாத கூட்டம். லடாக்குக்குப் போகப் புல்லட் வாடகைக்குக் கிடைக்கும். 1955-இல் சென்னையில் தொடங்கிய எடுத்துவைப்புத் தொழில் இன்றும் அந்தச் சந்துகளில் படபடத்துக்கொண்டிருப்பதைக் கேட்டால், தமிழர்களுக்குச் சற்றுப் பெருமையாகவே இருக்கும். உவேனோவில் நான் காணாத ஒன்றையும் இங்கே கண்டேன். ஒரு சிறுவன் பழைய இருக்கை ஒன்றின் உறையைக் கழற்றி, நடைபாதையிலேயே வெட்டித் தைத்து, இருபது நிமிடத்தில் வேறொரு வண்டிக்குப் பொருத்தினான். அவன் அளவே எடுக்கவில்லை, கண்ணால் பார்த்தே வெட்டினான், சரியாகப் பொருந்திற்று. கைத்திறமைக்கு நம் தெருவில் பஞ்சமே இல்லை.

ஹெல்மெட் மட்டும் வேறு கதை. நடைபாதைக் கடைக்காரரிடம் தாளைக் காட்டி, 55 அளவில் இருக்கிறதா என்றேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "மேடம், எல்லாருக்கும் ஒரே சைஸ்தான். போலீஸ்காரர் அளவெல்லாம் கேட்க மாட்டார்" என்று இந்தியில் சொன்னார். நகைச்சுவையாகச் சொல்லவில்லை, எனக்கு உதவியாகவே சொன்னார். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இந்நாட்டில் செய்வதும் விற்பதும் குற்றம். அவரிடமும் முத்திரை இருந்தது. நகத்தால் சுரண்டினால் உரியும் முத்திரை. உள்ளே விரலை விட்டு அழுத்தினேன், பஞ்சு.

சற்றுத் தள்ளிக் கண்ணாடிக் கதவு போட்ட கடை ஒன்று. அங்கே அளவுகள் இருந்தன. உள்ளே தெர்மாகோல் இருந்தது. ஆயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டினால் நல்ல ஹெல்மெட் கிடைத்தது. அங்கிருந்த பெரியவரிடம் நாடா கேட்டேன். மேசையறையைத் துழாவி எடுத்தார். அதில் தூசி படிந்திருந்தது. "இந்தக் கடைக்கு நாடா கேட்டு வந்தவர் நீங்கள்தான் மகளே. வருகிறவர்கள் நிறத்தைக் கேட்பார்கள். எடை குறைவாக இருக்கிறதா என்பார்கள். எதிர்க்கடையில் இருநூறு ரூபாய் என்பார்கள்." நான்கைந்து ஹெல்மெட்டுகளை அவரே பொறுமையாக மாட்டிப் பார்க்க விட்டார். மூன்றாவது பொருந்திற்று. நெற்றியில் தடம் விழுகிறதா என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். அவர் தேநீர் வரவழைத்தார்.

ஆகவே கடைத்தெருவைக் குறை கூறுவதற்கில்லை என்பது என் கருத்து. கேட்பது எதுவோ அதைத்தான் கடை விற்கும். நாம் கேட்பது காவலர் கண்ணுக்குக் காட்ட ஒரு பொருள். அபராதம் ஆயிரம் ரூபாய்; ஹெல்மெட் இருநூறு ரூபாய்; எண்ணூறு ஆதாயம் என்று கணக்குப் போட்டு வாங்குகிறோம். பட்டம் பெறும் படிப்புப் படிக்கும் நாம் போடும் கணக்கு இது.

2022-ஆம் ஆண்டுக்கான அரசு அறிக்கையின்படி இந்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். இந்தக் கடைசி எண்ணை இன்னொரு முறை படியுங்கள். அவர்கள் வண்டி ஓட்டவில்லை. வேகத்தை அவர்கள் தீர்மானிக்கவில்லை. யாரோ "ஏறு, போகலாம்" என்றார்கள்; ஏறினார்கள். டில்லியில் 2014 வரை பின்னால் அமரும் பெண்களுக்கு ஹெல்மெட் கட்டாயமே இல்லை. என் தாயார் இன்றும் அந்தக் காலத்தில்தான் வாழ்கிறார். கொண்டை கலைந்துவிடுமாம்.

சென்ற பொங்கலுக்கு முந்திய நாள் நம் சங்கத்து மூத்த மாணவர் ஒருவர், விழாவுக்கு மஞ்சள் கொத்தும் கரும்பும் வாங்க ஐ.என்.ஏ. சந்தைக்கு நண்பரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனது உங்களுக்குத் தெரியும். அவர் பெயரை நான் எழுத மாட்டேன். எழுத வேண்டியதும் இல்லை. திரும்பும்போது அவர் கையில் கரும்புக் கட்டு. தலையில் ஹெல்மெட் இருந்தது. இரவல் ஹெல்மெட், அவருக்கு இரண்டு அளவு பெரியது, கை நிறையப் பொருள் இருந்ததால் வாரைப் பூட்டவில்லை. அதைச் சாலையின் மறுபக்கத்தில் எடுத்தார்கள். உயிர் பிழைத்தார். சமன்பாடுகளை மனக்கண்ணால் பார்த்தே விடுவித்தவருக்கு இப்போது ஒரு பக்கம் படிப்பதற்குள் தலை வலிக்கிறதாம். ஆய்வை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அன்றைய பொங்கல் விழா நடந்தது, நாமும் கைதட்டினோம். வேறென்ன செய்வது என்று எவருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு நம் விடுதியில் இருசக்கர வண்டி கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ஜப்பானியரின் 'மூன்று கூடாது'வில் நமக்கு ஒரு கூடாது வந்திருக்கிறது. விளைவைப் பாருங்கள். முன்பு சொந்த வண்டியும் ஏதோ ஒரு சொந்த ஹெல்மெட்டும் வைத்திருந்தவர்கள், இன்று கைப்பேசியில் வாடகை மோட்டார் சைக்கிளை அழைத்து, வெறுந்தலையோடு பின்னால் ஏறுகிறார்கள். ஓட்டுபவர் ஒரு ஹெல்மெட் நீட்டினாலும், முந்திய பயணியின் எண்ணெய் என்று முகம் சுளித்து மடியில் வைத்துக்கொள்கிறார்கள். நான் இரண்டு நாள் மாலையில் வாயிலருகே நின்று பார்த்தேன். எண்ணிக்கை எழுதினால் வீண் விவாதம் வரும். நீங்களே ஒரு மாலை நின்று பாருங்கள்.

இதனால்தான் சென்ற செயற்குழுக் கூட்டத்தில் நான் ஒரு முன்மொழிவு கொண்டுவந்தேன். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் இவ்விரண்டாக ஆறு நல்ல ஹெல்மெட்; துவைத்து மாட்டத் துணித் தொப்பிகள் சில; ஓர் அளவு நாடா; ஒரு பதிவேடு. சங்க அறையில் இருக்கட்டும். வெளியே போகும் உறுப்பினர், தமிழரோ பிறரோ, கையெழுத்திட்டு எடுத்துச் சென்று திருப்பித் தரட்டும். மொத்தச் செலவு ஆண்டுவிழாவில் நாம் விருந்தினர்களுக்குப் போர்த்தும் பொன்னாடைகளுக்கும் கொடுக்கும் கேடயங்களுக்கும் ஆகும் தொகையைவிடக் குறைவு. முன்மொழிவு தோற்றது. "சங்கம் தமிழ் வளர்க்க இருக்கிறது, ஹெல்மெட் வளர்க்க அன்று" என்று ஒரு நண்பர் கூறினார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நண்பரிடம் ஒன்று கேட்கிறேன். தமிழை எதில் வைத்து வளர்ப்பதாக உத்தேசம்?

இன்னொருவர், இது பல்கலைக்கழக நிர்வாகத்தின் கடமை என்றார். ஒப்புக்கொள்கிறேன். நிர்வாகம் செய்யும் நாளில் நம் ஆறு ஹெல்மெட்டையும் அவர்களிடம் ஒப்படைத்துவிடலாம். மூன்றாமவர் கூறியதுதான் வலுவான தடை: பலர் தலையில் மாறி மாறிப் போவது ஒருவருக்கும் சரியாகப் பொருந்தாது, உவேனோக் கதையை நீயே கூறிவிட்டு இதைக் கேட்பது முரண் அன்றோ என்றார். உண்மைதான். அவரவர் தலைக்கு அவரவர் வாங்குவதே முறை. அதற்கும் ஒரு தொடக்கம் வேண்டும். நாடாவைத் தலையில் வைத்துப் பார்த்த எவரும் பிறகு நடைபாதைக் கடையில் 'ஒரே சைஸ்' வாங்க மாட்டார் என்று நான் நம்புகிறேன். என் வீட்டில் நடந்ததைக் கொண்டு கூறுகிறேன்.

திருப்புளியைத் தந்தையாரிடம் கொடுத்த அன்று அவர் வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஆர்.எக்ஸ். 100 ஒன்றின் கார்புரேட்டர் திருகாணியில் அதை வைத்து அழுத்தினார். அசையாமல் உட்கார்ந்தது. குழந்தையைப் போல் சிரித்தார். "பாத்தியா, அளவு!" என்றார். பிறகு பழுது பார்த்த வண்டியைச் சோதிக்க ஏறி உட்கார்ந்தார். நாற்பது ஆண்டுகளாக நாளுக்குப் பத்து வண்டி சோதித்து ஓட்டுகிறவர். ஒருநாளும் ஹெல்மெட் அணிந்ததில்லை. சந்து முனை வரைக்குந்தானே என்பார். நான் சாவியை எடுத்துக்கொண்டேன். "அப்பா, திருகாணித் தலைக்கு அளவு பாக்கறீங்க. உங்க தலைக்கு?" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. பட்டறைப் பையன்கள் முன்னால் கேட்டுவிட்டேன். அது என் தவறு. அன்று இரவு சாப்பாடு முடியும் வரை பேசவில்லை.

மறுநாள் காலை அம்மாவின் தையற்பெட்டியிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டு அவரே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். புருவத்துக்கு மேலே சுற்றிப் பார்த்தேன், 58. எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்தில் நின்றிருந்த அம்மா, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் கவ்வியபடி, "எனக்கும் பாரு" என்றார்.

கரோல் பாக் பெரியவரிடம் அந்த வாரமே இரண்டு ஹெல்மெட் வாங்கினேன். அப்பா சந்து முனை வரை அணிகிறார்; பையன்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மா இன்னும் கொண்டையைப் பற்றி முணுமுணுக்கிறார்.

வருகிற மாதம் செயற்குழு மீண்டும் கூடுகிறது. முன்மொழிவை மறுபடியும் வைக்கப் போகிறேன். இம்முறை நாடாவையும் கொண்டு வருகிறேன்; வாக்கெடுப்புக்கு முன் விரும்புகிறவர்களின் தலையை அளந்து தாளில் எழுதிக் கொடுப்பேன். தமிழ் வளர்க்கும் நண்பரிடமிருந்து தொடங்குவதாக எண்ணம்.